வாசகர் கேள்விகள்: விருங்கா மலைக்குக் குடிபோன இரண்டு பெண்கள்

சென்ற இதழில், அமெரிக்காவில் நிலையான வேலையில் இருந்த டயான் ஃபாஸி அதை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் விருங்கா மலைக்காட்டில் குடியேறி, இடையிடையே வெளிநாடு சென்ற காலம் போக, ஏறத்தாழ 18 ஆண்டுகள் மலைக் கொரில்லாக்களுக்காக வாழ்ந்ததைப் பற்றி இரண்டு பக்க அளவில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். கேட்டவர்களின் ஊரும் வயதும் வேறுபட்டாலும், நன்றாக அமைந்துவிட்ட ஒரு வாழ்க்கையை விட்டுவிட்டு, முன்பின் பழக்கமில்லாத காட்டில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது எப்படி முடிகிறது என்ற வியப்பே பெரும்பாலான கடிதங்களில் இருந்தது. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்த முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு 39 வயது. வங்கியில் நல்ல பதவி, கடன் அடைந்த வீடு, எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் காலையில் வண்டியை எடுக்கும்போது, ‘இவ்வளவுதானா?’ என்று மனம் கேட்கிறது. டயான் ஃபாஸிக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உதறிவிட்டுப் போகும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: அவர் ஒரே மூச்சில் உதறிவிட்டுப் போகவில்லை. இதைச் சென்ற இதழிலேயே நான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

1932இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த ஃபாஸி, கால்நடை மருத்துவராக விரும்பிப் படிக்கத் தொடங்கி, இயற்பியலிலும் வேதியியலிலும் தேறாமல் அந்தப் படிப்பைக் கைவிட்டவர். பிறகு, உடற்குறையுள்ள குழந்தைகள் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளராகத் தகுதி பெற்று, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் சிறிய வீடு, மாதச் சம்பளம், அன்பான நண்பர்கள் என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. 1963இல், ஓர் ஆண்டுச் சம்பளத்துக்கு நிகரான 8,000 டாலரைக் கடன் வாங்கி, கையிருப்புச் சேமிப்பையும் எடுத்துக்கொண்டு, ஏழு வாரப் பயணமாக ஆப்பிரிக்கா சென்றார். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில், ஆதிமனித எலும்புகளைத் தேடிக்கொண்டிருந்த அறிஞர் லூயி லீக்கியைச் சந்தித்தார். அங்கே அகழாய்வுக் குழி ஒன்றில் சறுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டது. இரண்டு வாரம் கழித்து, அந்தக் காலோடு காங்கோவின் மலைமீதிருந்த கபாரா புல்வெளிவரை ஏறி, மலைக் கொரில்லாக்களை முதன்முதலாகப் பார்த்தார்.

பார்த்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். லூயிவிலுக்குத் திரும்பி, அதே மருத்துவமனையில், அதே குழந்தைகளோடு மேலும் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துப் பயணக் கடனை அடைத்துவந்தார். பயணத்தைப் பற்றி உள்ளூர்ச் செய்தித்தாளில் கட்டுரைகள் எழுதினார். 1966இல் லீக்கி அந்த நகருக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது, அந்தக் கட்டுரைகளோடு போய் அவர் முன் நின்றார். கொரில்லாக்களை நீண்ட காலம் கவனிக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்த லீக்கி, மருத்துவ வசதி இல்லாத மலைக்குப் போகுமுன் குடல்வாலை அறுவை செய்து எடுத்துவிடுவது நல்லது என்றார். ஃபாஸி அப்படியே எடுத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து லீக்கியிடமிருந்து கடிதம் வந்தது: அறுவை சிகிச்சைக்கு உண்மையில் அவசியம் இல்லை, விண்ணப்பிப்பவரின் மன உறுதியைச் சோதிக்கவே அவர் அப்படிச் சொல்வது வழக்கம் என்று. அந்த ஆண்டு டிசம்பரில், 35 வயதை நெருங்கும்போதுதான் ஃபாஸி விமானம் ஏறினார்.

கிளம்பிய நாளைவிடக் காத்திருந்த அந்த மூன்று ஆண்டுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். பேசத் தயங்கும், தொட்டால் சுருங்கும் குழந்தைகள் தாமாக நெருங்கிவரும்வரை பொறுமையோடு உட்கார்ந்திருக்கக் கற்றுத் தந்த வேலை அது. காட்டில் அவருக்குக் கைகொடுத்ததும் அந்தப் பொறுமைதான் என்பது என் எண்ணம். உங்கள் வங்கி வேலையையும் அவசரப்பட்டு வீண் என்று எண்ணிவிடாதீர்கள். ‘இவ்வளவுதானா?’ என்று மனம் கேட்பது நல்லதே. ஆனால் அவரை மூன்று ஆண்டுகள் உந்திக்கொண்டிருந்தது சலிப்பு அன்று. கபாராவில் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்த அந்த விலங்குகள். உங்கள் மனத்தில் அப்படி ஓர் இடமோ உயிரோ வேலையோ இருந்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: காட்டில் அவருடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? கொரில்லாக்கள் அவரை எப்படி ஏற்றுக்கொண்டன? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 1967 ஜனவரியில் கபாராவில் கூடாரம் அமைத்துத் தந்த நண்பர் மலையிறங்கிப் போன அன்று, தனிமை தன்னை எப்படிக் கவ்விக்கொண்டது என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல், ஓயாத மூடுபனிக்கு நடுவில், ஏழடிக்குப் பத்தடிக் கூடாரம். படுக்கை, வேலை, துணி உலர்த்தல் எல்லாம் அதற்குள்ளேதான். உதவிக்கு வந்த உள்ளூர்க்காரர் சுவாஹிலி மொழியில் ஏதோ கேட்க, கற்றிருந்த நாலு சொல்லும் மறந்துபோய், கண்ணீரோடு கூடாரத்துக்குள் புகுந்து கதவுத் துணியை இழுத்து மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, மெதுவாக இன்னொரு முறை சொல்லும்படி கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது: வெந்நீர் வேண்டுமா என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார்.

உயரமான இடம் என்றாலே நடுங்குபவர், சிகரெட் பழக்கத்தால் நுரையீரல் பலவீனப்பட்டவர், காஞ்சொறிச் செடிகள் இடுப்புவரை வளர்ந்த செங்குத்தான சரிவுகளில் நாள்தோறும் ஏறி இறங்கினார். மாதம் ஒருமுறை மலையிறங்கி உருளைக்கிழங்கும் டப்பா உணவும் வாங்கி வருவார். இரவில் ஈர உடையைக் காயப்போட்டுவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் அன்றைய குறிப்புகளைத் தட்டச்சு செய்வார்.

அந்த இடமும் நிலைக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் காங்கோவில் கலகம் மூண்டது. 1967 ஜூலையில் படைவீரர்கள் வந்து அவரை மலையிலிருந்து இறக்கி ருமங்காபோவில் காவலில் வைத்தார்கள். தந்திரமாகப் பேசி உகாண்டா எல்லைக்குள் தப்பி வந்தவரை ஊருக்குத் திரும்பச் சொல்லிப் பலரும் அறிவுறுத்தினார்கள். அவரோ அதே மலைத்தொடரின் ருவாண்டாப் பக்கமாக ஏறி, 1967 செப்டம்பர் 24 அன்று, கரிசிம்பி, விசோக்கே ஆகிய இரண்டு எரிமலைகளுக்கு இடையே புதிய முகாமை அமைத்து, இரண்டு பெயர்களையும் இணைத்துக் கரிசோக்கே என்று பெயரிட்டார். புதுவாழ்வு தொடங்கியவர் என்று அவரைச் சொல்கிறோம்; அதை அவர் ஒரே ஆண்டில் இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது.

கொரில்லாக்கள் முதலில் அவரைக் கண்டதும் ஓடின, அல்லது மார்பில் அறைந்துகொண்டு சீறின. நிமிர்ந்து நடந்து போனால் அவை மிரளும் என்று கண்டுகொண்டு, விரல் முட்டிகளை ஊன்றித் தவழ்ந்து போனார். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவை தின்னும் காட்டுச் செலரித் தண்டை ஒடித்து மென்றார். உடம்பைச் சொறிந்துகொண்டார். வயிறு நிறைந்த கொரில்லா எழுப்பும் ஏப்பம் போன்ற ஆழ்ந்த ஒலியையும் எழுப்பக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு கொரில்லாவின் மூக்குச் சுருக்கமும் வெவ்வேறு விதமாக இருக்கும். அதை வரைந்து வைத்துக்கொண்டு ஆளடையாளம் கண்டார்.

1970இல் ஒரு நாள், அவர் பீனட்ஸ் என்று பெயரிட்டிருந்த இளம் ஆண் கொரில்லா மிக அருகே வந்து அமர்ந்தது. ஃபாஸி செடிகளின்மீது மல்லாந்து படுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி கையை மெதுவாக நீட்டி, அசையாமல் வைத்துக்கொண்டார். பீனட்ஸ் அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்தது. எழுந்து வந்து தன் விரல்களை ஒரு கணம் அவர் விரல்களின்மேல் வைத்து எடுத்தது. பிறகு, தானே செய்துவிட்ட துணிச்சல் தாளாததுபோல மார்பில் அறைந்துகொண்டு தன் கூட்டத்தை நோக்கி ஓடிவிட்டது. மூன்று ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்தது அந்த ஒரு கணம். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்குகிறது.

கேள்வி: வெளிநாட்டவர் ஆப்பிரிக்கக் காட்டில் ‘புதுவாழ்வு’ தொடங்குகிற கதைகளிலெல்லாம் காடு ஆளில்லாத இடமாகவே இருக்கிறது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் எங்கே? சென்ற இதழில் நீங்களும் அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. (ஒரு கல்லூரி ஆசிரியர், சென்னை)

பதில்: நீங்கள் சுட்டிய குறை உண்மையானது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆப்பிரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நாடுகளில் ஒன்று ருவாண்டா. காட்டின் விளிம்புவரை உருளைக்கிழங்கும் அவரையும் பயிரிட்ட வயல்கள் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. அந்தக் காட்டில் காலங்காலமாக மாடு மேய்த்தவர்கள் உண்டு. வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த துவா மக்கள் உண்டு. அவர்கள் கம்பியாலும் கயிற்றாலும் வைத்த கண்ணிகள் பெரும்பாலும் மான்களுக்கானவை. ஆனால் அவற்றில் கையோ காலோ சிக்கிய கொரில்லா, இழுத்து அறுத்துக்கொண்டு போனாலும், புண் அழுகி உறுப்பையோ உயிரையோ இழந்தது. அதேசமயம், 1960களின் இறுதியில், அந்தக் காடு அடங்கிய ருவாண்டா தேசியப் பூங்காவின் பரப்பில் பெரிய பகுதி ஒன்று பைரித்ரம் பயிரிடுவதற்காக ஒதுக்கப்பட்டது. சாமந்தியைப் போன்ற அந்தப் பூவை உலர்த்தித்தான் பூச்சிக்கொல்லி எடுத்தார்கள். தொடக்ககாலக் கொசுவர்த்திச் சுருள்களின் மூலப்பொருளும் அதுவே. அந்தப் பயிரை வாங்கும் சந்தை ஐரோப்பாவில் இருந்தது. காடு சுருங்கியதற்குக் கண்ணி வைத்த ஏழைகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

ஃபாஸி அந்த நியாயத்தைப் பார்க்கவில்லை. மாடுகளை விரட்டினார், கண்ணிகளை அறுத்தெறிந்தார், பிடிபட்ட வேட்டைக்காரர்களைக் காஞ்சொறியால் அடிக்கவும் செய்தார். 1977 டிசம்பர் 31 அன்று, அவர் குட்டிப் பருவத்திலிருந்து அறிந்திருந்த டிஜிட் என்ற ஆண் கொரில்லா, தன் கூட்டம் தப்பிச் செல்லும்வரை வேட்டைக்காரர்களையும் நாய்களையும் எதிர்த்து நின்று, ஈட்டிக் குத்துப்பட்டு இறந்தது. தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் அவர் போக்கில் கடுமை இன்னும் கூடியது. அந்தத் துயரம் எனக்குப் புரிகிறது. அதன் பெயரால் அவர் மனிதர்களை நடத்திய விதத்தை நான் ஏற்கமாட்டேன். அவர் செய்த பணியின் மதிப்பு இதனால் குறைந்துவிடும் என்றும் நான் கருதவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

1979இல் வேறு சில ஆய்வாளர்களும் அமைப்புகளும் இன்னொரு வழியைத் தொடங்கினார்கள்: சிறு குழுக்களாகப் பயணிகளை அழைத்துப்போய்க் கொரில்லாக்களைக் காட்டுவது, சுற்றியுள்ள பள்ளிகளில் காட்டின் பயனை எடுத்துச் சொல்வது, அரசுக்கு வருவாய் காட்டுவது. பயணிகளால் கொரில்லாக்களுக்குத் தொல்லை என்று ஃபாஸி அதைக் கடுமையாக எதிர்த்தார். இன்று ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். வெளிநாட்டுப் பயணிக்கு 2017 முதல் கட்டணம் 1,500 டாலர். பூங்கா வருவாயில் ஒரு பங்கு 2005 முதல் சுற்றுவட்டக் கிராமங்களின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் போகிறது. 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் ஏறத்தாழ 250ஆகச் சுருங்கியிருந்த மலைக் கொரில்லாக்கள், 2018இல் வெளியான கணக்கெடுப்பில் அங்கே மட்டும் 604ஆக இருந்தன. உகாண்டாவின் பிவிண்டிக் காட்டையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். அவருடைய காவலும் ஆய்வும் இல்லாவிட்டால் பயணிகள் பார்ப்பதற்குக் கொரில்லாக்களே எஞ்சியிருக்கமாட்டா. கிராமத்து மக்களுக்குப் பங்கு கொடுத்திராவிட்டால் அவை பெருகியும் இருக்கமாட்டா என்பது என் முடிவு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது வெளிநாட்டு ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். போருக்கிடையிலும் அதற்குப் பின்னும், வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் மலையேறிக் கொரில்லாக்களைத் தேடிக் கணக்கெடுத்தவர்கள் கரிசோக்கேயின் ருவாண்டாப் பணியாளர்கள். உலகப் பத்திரிகைகளின் அட்டையில் அவர்கள் முகம் வந்ததில்லை.

கேள்வி: ஃபாஸியைக் கொன்றது யார்? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: 1985 டிசம்பர் 26 இரவு, கரிசோக்கேயில் தம் வீட்டுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ருவாண்டா நீதிமன்றம் ஓர் அமெரிக்க ஆய்வாளரை, அவர் நாட்டைவிட்டுச் சென்ற பின், நேரில் இல்லாத நிலையிலேயே குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அவர் அதை மறுத்தார். அந்தத் தீர்ப்பை நம்பாதவர்கள் பலர். ஃபாஸியின் உடல், அவர் அமைத்த கொரில்லாக் கல்லறைத் தோட்டத்தில் டிஜிட்டின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

கேள்வி: என் தம்பி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, தான்சானியாவிலோ கென்யாவிலோ காட்டோரமாகப் பத்து ஏக்கர் வாங்கி விவசாயம் செய்யப் போகிறேன் என்கிறான். வீட்டில் எல்லோரும் கலங்கியிருக்கிறோம். என்ன சொல்வது? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: தடுக்க வேண்டாம்; சட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தான்சானியாவில் நிலம் முழுவதும் பொதுச்சொத்து. குடியரசுத் தலைவர் மக்கள் சார்பாக அதன் பொறுப்பாளர். வெளிநாட்டவர், முதலீட்டுக்காக, உரிய அனுமதியோடு மட்டுமே நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பெறலாம். கென்யாவில் 2010 அரசியலமைப்பின்படி வெளிநாட்டவருக்குக் குத்தகை மட்டுமே உண்டு; அதுவும் 99 ஆண்டுக்கு மேல் கிடையாது. ‘சொந்தமாகப் பட்டா வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது.

காட்டோர விவசாயம் என்றால் யானை வரும். ஓர் இரவில் ஒரு பருவத்து மக்காச்சோளம் போய்விடும். யானை தேனீக்கு அஞ்சும் என்பதை லூசி கிங் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து காட்டியபின், கென்யாவின் சாவோ பகுதியில் வயலைச் சுற்றிக் கம்பியில் தேனீப்பெட்டிகளைத் தொங்கவிடும் முறை பரவியிருக்கிறது. யானை கம்பியை இடித்தால் பெட்டி ஆடித் தேனீக்கள் கலையும். விவசாயிக்குத் தேனும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் தம்பி ஒரு முழு மழைக்காலமும் ஒரு வறட்சிக்காலமும் அப்படி ஒரு விவசாயியின் அருகில் தங்கிப் பார்க்கட்டும். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குக் கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். ஃபாஸி போன்றவர்கள் அபூர்வப் பிறவிகள். சாதாரணமான ஒருவர், அதுவும் வயதான பிறகு, அப்படி ஓர் இடத்தில் புதிதாக எதையாவது தொடங்கியதுண்டா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உண்டு. அந்த மலையின் அடிவாரத்திலேயே உண்டு. ஃபாஸியின் தோழியான ரோசமண்ட் கார் அவர்.

நியூ ஜெர்சியில் 1912இல் பிறந்து, நியூயார்க் நகரில் ஆடை அலங்கார ஓவியங்கள் வரைந்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். தம்மைவிட மிக மூத்த, வேட்டைக்காரரும் நாடு சுற்றியுமான ஒருவரை மணந்து, 1949இல் அவரோடு காங்கோ சென்றார். சில ஆண்டுகளில் மணவாழ்க்கை முறிந்தது. ஊருக்குத் திரும்ப எல்லாக் காரணமும் இருந்தும் திரும்பவில்லை. 1955இல் ருவாண்டாவின் முகோங்கோ என்ற இடத்தில், எரிமலைகளைப் பார்த்தபடி இருந்த பைரித்ரம் தோட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்று, பிறகு அதையே சொந்தமாக்கிக்கொண்டார். மேலே நான் குறிப்பிட்ட அதே பூதான். ஃபாஸி காட்டிலிருந்து இறங்கினால் வந்து இளைப்பாறும் வீடுகளில் அதுவும் ஒன்று. பைரித்ரத்துக்கு விலை வீழ்ந்தபோது, விடுதிகளுக்குக் கொய்மலர் விற்றுத் தோட்டத்தையும் அங்கே வேலை செய்த குடும்பங்களையும் காப்பாற்றினார். விடுதலைப் போராட்டங்களின்போது ஐரோப்பியர்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பியும் அவர் கிளம்பவில்லை.

இனப்படுகொலை தொடங்கிய 1994 ஏப்ரலில் அவரையும் கட்டாயமாக வெளியேற்றினார்கள். நூறு நாளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தபோது வீடு சூறையாடப்பட்டுக் கிடந்தது. பல ஆண்டுகளாகத் தோட்டத்தின் மேலாளராக இருந்த செம்பகரே கொலையாளிகளிடமிருந்து மயிரிழையில் தப்பியிருந்தார். இருவரும் சேர்ந்து, பைரித்ரப் பூக்களை உலர்த்தும் பழைய கொட்டகையைத் துப்புரவு செய்து, படுக்கைகள் போட்டு, 1994 டிசம்பர் 17 அன்று ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்கள். தாயன்பைக் குறிக்கும் சொல்லால் அதற்கு இம்பபாசி என்று பெயரிட்டார்கள். ஹூட்டு, துட்சி என்று இனம் பார்க்காமல் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 40 குழந்தைகளோடு தொடங்கிய அந்த இல்லத்தில் ஆண்டுகள் போகப்போக 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் வளர்ந்தார்கள்.

கார் அம்மையாருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. குழந்தைகளை வளர்த்த அனுபவமோ இல்லம் நடத்திய பழக்கமோ அதற்கு முன் இருந்ததில்லை. கொட்டகையின் கதவைத் திறந்த அன்று அவருக்கு வயது 82. அதற்குப் பிறகும் ஏறத்தாழ 12 ஆண்டுகள் அந்தக் குழந்தைகளோடு வாழ்ந்து, 2006 செப்டம்பரில், 94ஆம் வயதில், ருவாண்டாவிலேயே காலமானார்.